வார்டனும் ஆர்.ஏ.வும்

முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறுகிறது, வாந்தி நிற்கவில்லை. அவன் யாரை எழுப்புவான்? விடுதி வேலைகளைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதி என்றால் இதற்கு விடை அந்தத் தளத்தின் சுவரிலேயே ஒட்டியிருக்கும். தளத்துக்குப் பொறுப்பான ஆர்.ஏ.வின் பெயர், அறை எண், அன்றிரவு பணியில் இருப்பவரைக் கூப்பிட ஒரு கைபேசி எண். தமிழ்நாட்டு விடுதியில் விடை எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அறைத்தோழன் பக்கத்து அறை சீனியரை எழுப்புவான். இருவரும் வாட்ச்மேன் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டைத் திறக்கவைப்பார்கள். காய்ச்சல்காரனை பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வார்டனுக்குக் காலையில் சொல்வார்கள்.

பெரும்பாலான இரவுகளில் இரண்டு ஊரிலும் பையன் பிழைத்துக்கொள்கிறான். அங்கே அவனைக் காப்பாற்றியது ஒரு வேலை. இங்கே காப்பாற்றியது நட்பு. நட்பு உயர்ந்ததுதான். ஆனால் நண்பன் கிடைக்காத மாணவனும் விடுதியில் இருக்கிறான். அவனுக்காகத்தான் வேலை என்று ஒன்றை உருவாக்கி, ஆள் போட்டு, சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைகளை இரண்டு நாடுகளும் எப்படிப் பங்கிட்டு வைத்திருக்கின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

ஆர்.ஏ. என்றால் ரெசிடென்ட் அசிஸ்டென்ட். சில இடங்களில் ரெசிடென்ட் அட்வைசர் என்பார்கள். பொதுவாக ஒரு தளத்தில் முப்பது, நாற்பது, ஐம்பது மாணவர்களுக்கு ஒருவர். அவரும் மாணவர்தான்; இளங்கலையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்பவராக இருப்பார். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் வைத்துத்தான் எடுக்கிறார்கள். சம்பளம் என்பது பெரும்பாலும் இலவச அறை. பல இடங்களில் சாப்பாடும் சேரும், சில இடங்களில் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் உண்டு. கல்லூரி திறப்பதற்கு ஓரிரு வாரம் முன்னதாகவே, ஆகஸ்ட் மாதத்தில், இவர்கள் வந்து பயிற்சி பெற வேண்டும்.

அந்தப் பயிற்சியில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி உண்டு. பழைய ஆர்.ஏ.க்கள் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடிப்பார்கள். ஓர் அறையில் குடித்து மயங்கிக் கிடக்கும் மாணவன். அடுத்த அறையில் சண்டை முற்றிப்போன இரண்டு அறைத்தோழர்கள். இன்னோர் அறையில் வாழப் பிடிக்கவில்லை என்று அழும் பெண். புதிய ஆர்.ஏ. வெளியே நின்று கதவைத் தட்டி, தான் யார் என்று சொல்லி, உள்ளே போய் நிலைமையைச் சமாளிக்க வேண்டும். முடிந்ததும் எது சரி, எதைச் சொல்லியிருக்கக் கூடாது, எந்த இடத்தில் மேலே இருப்பவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று உட்கார்ந்து அலசுவார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. ஆனாலும் உண்மையான நெருக்கடி வரும் இரவில், அப்படி ஒரு கதவை அவர் முன்பே ஒருமுறை தட்டிப் பழகியிருக்கிறார். நம் விடுதிச் சீனியருக்கு அந்தப் பழக்கத்தை யாரும் கொடுப்பதில்லை.

ஆர்.ஏ.க்களுக்கு மேலே ஹால் டைரக்டர். இவர் ஆசிரியர் அல்ல. உயர்கல்வி நிர்வாகம், மாணவர் நலன் போன்ற துறையில் முதுகலை படித்து, விடுதி நிர்வாகத்தையே தொழிலாகக் கொண்டவர். விடுதிக் கட்டடத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு வீடு தருகிறார்கள். குடும்பத்தோடு அங்கேயே இருக்கலாம். ஆர்.ஏ.வால் சமாளிக்க முடியாதது இவருக்கு வரும், இவராலும் முடியாதது அன்றைய இரவுப் பொறுப்பில் உள்ள மேலதிகாரிக்குப் போகும். இரண்டு மணிக் காய்ச்சலுக்கு மூன்று படி இருக்கிறது, மூன்றிலும் ஆள் இருக்கிறார்.

நம் ஏற்பாடு வேறு. கல்லூரி விடுதி வார்டன் பெரும்பாலும் இயற்பியலோ வணிகவியலோ நடத்தும் பேராசிரியர். வகுப்பு, விடைத்தாள் திருத்தம், கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்கான வேலை, தன் குடும்பம் எல்லாவற்றுக்கும் மேல் விடுதி அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அதற்கு ஒரு சிறு படி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மாலையில் ஒரு சுற்று வருவார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், அவுட்பாஸ் கொடுப்பார், ஊரில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விடுவார். அதன்பிறகு விடுதி வாட்ச்மேன் கையில். பெண்கள் விடுதி கொஞ்சம் மாறுபடும். அங்கே மேட்ரன் ஒருவர் கூடவே தங்கியிருப்பார். இரவில் மாதவிடாய் வலியில் துடிக்கும் பெண்ணுக்கு வெந்நீர்ப்பை கொடுப்பதும், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர்தான். விடுதி அமைப்பிலேயே மிகக் குறைந்த சம்பளக்காரர்களில் ஒருவராகவும் அவர்தான் இருப்பார். அரசின் நலத்துறை விடுதிகளில் காப்பாளர், சமையலர், காவலர், துப்புரவுப் பணியாளர் என்று பணியிடங்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரே காப்பாளர் இரண்டு விடுதிகளைக் கவனிப்பதும், காவலர் பணியிடம் காலியாகவே கிடப்பதும் அங்கே வழக்கமான சங்கதி.

அமெரிக்காவிலும் எல்லாம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்துவிடவில்லை. அறுபதுகள்வரை அங்கே பெண்கள் விடுதிகளில் ஹவுஸ் மதர் என்று ஒரு மூத்த பெண்மணி இருந்தார். பெரும்பாலும் கணவரை இழந்தவர். வாரநாளில் இரவு பத்து, பத்தரைக்குக் கதவு பூட்டப்படும். வெளியே போகும் பெண் எங்கே போகிறாள் என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பெற்றோரின் இடத்தில் கல்லூரி இருக்கிறது என்பதுதான் சட்டத்தின் பார்வையும். அதில் பெரிய விரிசலை உண்டாக்கியவர்கள் கறுப்பின மாணவர்கள். 1960இல் அலபாமா அரசுக் கல்லூரி மாணவர்கள், கறுப்பருக்கு உணவு பரிமாறாத ஒரு சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். கல்லூரி விசாரணை எதுவும் இல்லாமல் சிலரை நீக்கியது. 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசுக் கல்லூரி மாணவனை நீக்குவதற்கு முன் அறிவிப்பும் விசாரணையும் தர வேண்டும் என்றது. டிக்ஸன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். பத்து ஆண்டுகளில், 1971இல், பதினெட்டு வயதில் வாக்குரிமை வந்தது. மாணவர் வயதுவந்த குடிமக்கள் என்றானபிறகு பூட்டுப் போடும் ஹவுஸ் மதருக்கு இடம் இல்லை. அவர் விட்டுச்சென்ற வேலையில் பெரும்பகுதி மாணவ ஆர்.ஏ.க்களிடம் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் அந்த மாற்றம் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பதினெட்டு வயதில் வாக்களிக்கும் பெண், விடுதியில் மாலை ஆறரைக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்ற விதி பல கல்லூரிகளில் அப்படியே இருக்கிறது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கத் தடை விதித்ததை எதிர்த்த ஃபஹீமா ஷிரின் வழக்கில் மாணவியின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்தும் வார்டனின் வேலை என்ன என்ற வரையறை மாறவில்லை. பூட்டுவதும் திறப்பதும் எண்ணுவதும்தான் அவருடைய தலையாய பணி என்று இன்றும் கருதப்படுகிறது.

இரண்டு நாட்டு விடுதிச் சட்டங்களுக்கும் பின்னால் ஒவ்வொரு கொலை இருக்கிறது. 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில், விடுதி அறையிலேயே ஜீன் கிளரி என்ற பத்தொன்பது வயது மாணவி கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். பெற்றோர் ஓயாமல் போராடியதன் விளைவாக 1990இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பின்னர் அதற்குக் கிளரி சட்டம் என்றே பெயரிட்டார்கள். வளாகத்தில் நடக்கும் குற்றங்களைப் பல்கலைக்கழகம் பதிவுசெய்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது அதன் மையம். தமிழ்நாட்டில் 1996 நவம்பரில், சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, சீனியர் மாணவரின் விடுதி அறையில் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தரின் மகன் அவர். தமிழ்நாடே உலுக்கப்பட்டது. 1997இல் பகடிவதை (ராகிங்) தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம்.

ஒரே வகைத் துயரம், இரண்டு விதமான பதில். அங்கே சட்டம் தகவலைக் கேட்டது. மாணவர் பொறுப்பில் உள்ளவர் குற்றம் பற்றிக் கேள்விப்பட்டால் சொல்ல வேண்டும், பதிவாக வேண்டும். அதனால் ஆர்.ஏ. மாணவரும் குற்றத் தகவலைத் தெரிவிக்கும் கடமை உள்ளவர் பட்டியலில் சேர்ந்தார். இங்கே சட்டம் தண்டனையைக் கேட்டது. யாரைத் தண்டிப்பது என்பது எழுதப்பட்டது. நாவரசு போன்ற முதலாண்டு மாணவன் அழைத்துச் செல்லப்படும் வேளையில் அந்த வராந்தாவில் யார் நிற்க வேண்டும் என்பது எழுதப்படவில்லை. அந்தக் குறையை நிரப்பப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சிபிஐயின் முன்னாள் இயக்குநர், தமிழ்நாட்டுக் காவல்பணியிலிருந்து சென்ற ஆர்.கே.ராகவன் தலைமையிலான குழு பகடிவதையைத் தடுப்பது பற்றி 2007இல் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு பகடிவதைத் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது.

அந்த விதிமுறைகளை ஒவ்வொரு கல்லூரி முதல்வரும் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு விடுதிக்கும் முழுநேர வார்டன் வேண்டும், அவர் விடுதிக்குள்ளோ மிக அருகிலோ குடியிருக்க வேண்டும், எந்த நேரமும் தொடர்புக்குக் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கட்டுப்பாட்டை நிலைநாட்டும் திறனோடு, இளைஞர்களிடம் பேசி ஆலோசனை சொல்லும் பக்குவமும் அவரிடம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. புதிய மாணவர்களுக்கு வழிகாட்ட மாணவத் தன்னார்வலர்கள் வேண்டும்: ஆறு புதியவர்களுக்கு ஒருவர், அப்படிப்பட்ட ஆறு பேருக்கு மேலே ஒரு மூத்த வழிகாட்டி. அமெரிக்க ஆர்.ஏ.வைவிட நெருக்கமான விகிதம் இது. காகிதத்தில் நம் ஏற்பாடு அவர்களுடையதை மிஞ்சுகிறது. நடைமுறையில், ஒவ்வோர் ஆண்டும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பது தவறாமல் நடக்கிறது. முழுநேர வார்டனும் ஆறுக்கு ஒரு வழிகாட்டியும் பல கல்லூரிகளில் பெயர்ப்பட்டியலோடு நிற்கின்றன. பத்திரத்துக்குச் செலவு இல்லை, ஆள் போடுவதற்குச் செலவு உண்டு.

ஆனால் ஆர்.ஏ. ஏற்பாட்டை அப்படியே எடுத்துவந்து நட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் ஒரு பழுது இருக்கிறது, நம் வார்டன் ஏற்பாட்டிலும் அதே பழுது உண்டு. ஆறுதல் சொல்பவரும் புகார் எழுதுபவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் அது. பணி இரவில் ஆர்.ஏ. என்ன செய்கிறார் என்று பாருங்கள். மாலை எட்டு மணிக்குப் பணிக் கைபேசியை வாங்கிக்கொள்வார். எட்டு, பத்து, நள்ளிரவு என்று தளம் தளமாக நடப்பார். தீயணைப்புக் கதவு சாத்தியிருக்கிறதா, படிக்கட்டில் யாராவது கிடக்கிறார்களா, எங்கிருந்தாவது கஞ்சா வாடை வருகிறதா என்று கவனிப்பார். சத்தமோ வாடையோ வரும் கதவைத் தட்டுவார். அங்கே குடிக்கச் சட்டப்படி இருபத்தொரு வயதாக வேண்டும். பதினெட்டு வயதுக்காரன் கையில் பீர் இருந்தால் பெயர், நேரம், பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதி அறிக்கை அனுப்ப வேண்டும். மறுநாள் மாலை அதே மாணவன், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அழுதுகொண்டு வர வேண்டியது அதே ஆர்.ஏ.விடம்தான். வருவானா? சில பேர் வருகிறார்கள், பலர் வருவதில்லை. நம் விடுதியில் வார்டனிடம் யாரும் மனம்விட்டுப் பேசாததற்கும் காரணம் இதுதான். அவுட்பாஸை மறுக்கும் கை தோளில் விழுந்தால் மாணவன் கூசிப் போகிறான்.

கூலி விஷயத்திலும் ஆர்.ஏ. ஏற்பாடு சுத்தமானதல்ல. கொடுப்பது கூலியா, உதவித்தொகையா என்பதில் நாற்பது ஆண்டுக்கு மேலாக வழக்கு நடக்கிறது. டென்வர் நகரத்தின் ரெஜிஸ் கல்லூரி ஆர்.ஏ.க்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்துமா என்ற வழக்கில், 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் முதன்மையாக மாணவர்கள், ஊழியர்கள் அல்ல என்று தீர்ப்பளித்தது. இலவச அறை என்று வருவது சில மாணவர்களுக்கு வேறு வகையில் கழிந்தும்விடுகிறது. ஏழை மாணவருக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகைக் கணக்கில் அந்த அறையின் மதிப்பும் சேர்க்கப்பட்டு, வேறு உதவி குறைந்துபோகும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆர்.ஏ. வேலை லாபம், ஏழைப் பிள்ளைக்கு இரவுத் தூக்கம் மட்டும் நஷ்டம் என்று ஆகிவிடும் நிலைமை உண்டு.

அதனால்தான் அவர்கள் சங்கம் வைக்கத் தொடங்கினார்கள். 2002இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்து ஆர்.ஏ.க்கள் வாக்களித்து, கார் தொழிற்சாலைத் தொழிலாளரின் சங்கமான ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். பின்னர் நீண்ட இடைவெளி. 2022இல் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் ஆர்.ஏ. மாணவர்களின் தொழிற்சங்கத்தைத் தானாக முன்வந்து அங்கீகரித்தது. அதையடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல வளாகங்கள். 2023 ஆகஸ்டில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆர்.ஏ.க்கள், புதிய மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் நாளிலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். அறை மட்டும் போதாது, சம்பளமும் சாப்பாடும் வேண்டும் என்பது கோரிக்கை. நம் விடுதிகளிலும் மாணவர் போராட்டம் உண்டு. சாம்பாரில் புழு, தண்ணீர் வரவில்லை, கேட் நேரம் என்று தட்டோடு ரோட்டில் உட்காருவார்கள். அது விடுதியில் இருப்பவரின் போராட்டம். விடுதியில் வேலை செய்பவராக மாணவர் போராடியதை இங்கே நான் அறியேன், ஏனென்றால் அவர் செய்வது வேலை என்றே நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படி ஒப்புக்கொள்ளாத வேலைகளில் மிகப் பெரியது மெஸ். இங்கே ஒப்பீடு தலைகீழாகிறது. அமெரிக்க ஆர்.ஏ.வுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சொல்லும் இல்லை. உணவுக்கூடம் தனித்துறை, அல்லது அரமார்க், சொடெக்ஸோ போன்ற பெருநிறுவனங்களின் ஒப்பந்தம். மாணவர் அட்டையைத் தேய்த்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். நம் மருத்துவ, பொறியியல் கல்லூரி விடுதிகள் பலவற்றில் டிவைடிங் சிஸ்டம். அந்த மாதம் மளிகை, காய்கறி, பால், கேஸ், மாஸ்டர் முதல் சப்ளையர் வரை எல்லோர் சம்பளம், எல்லாவற்றையும் கூட்டி, மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து, நாள் ரேட் போடுவார்கள். கணக்கைப் பார்ப்பது மாணவர் மெஸ் கமிட்டி. மெஸ் செக்ரட்டரியான பையன் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி விலை பேசுவான், ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையை எண்ணிக் கையெழுத்திடுவான், ஊருக்குப் போனவர்களின் ரிடக்ஷன் நாட்களைக் கழிப்பான். மாதக் கடைசியில் பில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டதும், போன மாதத்தைவிட நாளுக்கு ஏழு ரூபாய் ஏன் கூடியது என்று கேட்டு நூறு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவன் பதில் சொல்ல வேண்டும். பணத்தையும் பொதுநம்பிக்கையையும் ஒருசேரக் கையாளும் இந்தப் படிப்பு எந்த ஆர்.ஏ. பயிற்சியிலும் இல்லை. நம்மிடம் உள்ள சிறந்த விடுதி வேலை இது என்று உறுதியாகச் சொல்வேன். பல கல்லூரிகள் இதை எடுத்துவிட்டுக் கேட்டரிங் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவருவது வருத்தம் தருகிறது. கமிட்டியில் ஊழல் என்று காரணம் சொல்கிறார்கள். ஊழல் இருந்தால் தணிக்கை வைக்கலாமே. மாணவர் கையிலிருந்து பொறுப்பையே பிடுங்கிவிட்டால் அவர் எங்கே கற்பார்?

அரசு நலத்துறை விடுதிகளில் மெஸ் கணக்கு வேறு வகை. கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியபிறகும் நாளுக்கு ஐம்பது ரூபாய். அதற்குள் மூன்று வேளை சமைத்துப் போடும் சமையலரையும் காப்பாளரையும் பற்றி அமெரிக்க ஹால் டைரக்டர் யாருக்கும் கற்பனைகூட இருக்காது. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று அரசு பெயர் மாற்றியது. நல்ல பெயர். பெயருக்கு ஏற்ற பணியிடங்களும் வந்தால்தான் முழுமை.

துடைப்பத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கென்டக்கியின் பெரியா கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும், விடுதியைத் துப்புரவு செய்வதும் அதில் ஒன்று. எல்லோரும் செய்வதால் அங்கே அது இழிவாகப் படுவதில்லை. ஹார்வர்டிலும் கூலிக்கு விடுதிக் குளியலறைகளைக் கழுவும் மாணவர் குழு பல பத்தாண்டுகள் இருந்தது. ஆனால் எல்லோரும் செய்யாமல் பணத்தேவை உள்ளவர் மட்டும் செய்யும்போது என்ன நடக்கும் என்பதை அந்தோனி ஆபிரகாம் ஜாக் 2019இல் வெளிவந்த தி பிரிவிலெஜ்ட் புவர் என்ற நூலில் காட்டினார். வகுப்பில் பக்கத்தில் உட்காருபவரின் கழிவறையைக் கழுவும் ஏழை மாணவர் தன்னை அவருக்கு வேலைக்காரராக உணர்கிறார் என்பது அவர் கண்டது. நம் நாட்டில் இந்த வேலையோடு சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடுதிக் கழிவறை கழுவுவோர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தலித் பெண்கள். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. பந்தி ஒன்றாகிவிட்டது. துடைப்பம் இன்னும் ஒரே சாராரின் கையில் இருக்கிறது.

இந்தியாவில் மாற்று முயற்சி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1919இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய பாவுராவ் பாட்டீல், 1924இல் சாத்தாராவில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உழைத்துப் படிக்கும் விடுதியை நடத்தினார். உழைத்துக்கொண்டே படிப்பது என்பதுதான் அங்கே கொள்கை. தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் பிள்ளைகளைப் பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு இருபது மணி நேரம்வரை வேலை செய்யலாம். இங்கே மெஸ் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தவன், அங்கே உணவுக்கூடத்தின் பின்னறையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டு கழுவுகிறான். இன்னொருத்தி விடுதி வரவேற்பு மேசையில் இரவுக் காவலாக உட்காருகிறாள். கூச்சமில்லாமல் செய்கிறார்கள், வீட்டுக்குச் சொல்கிறார்கள். ஆகவே உழைப்பில் நம் பிள்ளைகளுக்கு வெட்கம் இல்லை. அதை மரியாதையான வேலையாக்கிக் கூலி கொடுக்கும் ஏற்பாடுதான் இங்கே இல்லை.

எனவே என் தீர்ப்பு இது. ஆளமைப்பிலும் பயிற்சியிலும் அமெரிக்க ஏற்பாடு மேல். மாணவருக்கு உண்மையான அதிகாரம் தருவதில் நம் மெஸ் கமிட்டி மேல். கூலியில் இரண்டும் குறைபட்டவை. அவர்கள் அறையைக் காட்டிச் சம்பளத்தைச் சுருக்குகிறார்கள், நாம் தொண்டு என்று சொல்லிக் கொடுக்காமலே விடுகிறோம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகளைத் தந்தது. நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஆலோசகர் வேண்டும், ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும், விடுதி மின்விசிறிகள் பாதுகாப்பான வகையாக இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. மின்விசிறியை ஒருநாளில் மாற்றிவிடலாம். நள்ளிரவில் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவனின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் ஆளை வேலைக்கு வைக்கத்தான் மனம் வேண்டும்.

முந்நூறு பேர் தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது பேருக்கு ஒருவர் என்று மூன்றாமாண்டு மாணவர் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, மாதம் மூவாயிரம் ரூபாய் கையில் கொடுத்தால், பத்து மாதத்துக்கு மூன்று லட்சம். விடுதியில் இருப்பவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஆயிரம், மாதம் நூறு ரூபாய். சமூகநீதி விடுதிகளில் அதை அரசு ஏற்க வேண்டும். இந்த மாணவருக்குத் தண்டிக்கும் அதிகாரமும் அவுட்பாஸ் அதிகாரமும் கூடாது. கவனிப்பதும், உயிருக்கு ஆபத்து என்றால் மேலே சொல்வதும், ஆஸ்பத்திரிக்குக் கூடப்போவதும் போதும். கட்டுப்பாடு என்பது வளாகத்தில் குடியிருக்கும் முழுநேர வார்டனின் வேலையாக இருக்கட்டும். அந்த வார்டனைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009லேயே கேட்டுவிட்டது. அடுத்த கல்வியாண்டுக்கான விடுதிக் கட்டணத்தை முடிவுசெய்யும் கூட்டத்தில் இந்த நூறு ரூபாயை ஒரு வரியாகச் சேர்க்கும்படி கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோர், கட்டணச் சீட்டை வாங்கும்போது, இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட வேண்டிய எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.